பாலத்துக்கு அப்பால் ஒரு கூம்பு

நோங் கே கிராமம்
28 ஜூலை, புத்த ஆண்டு 2545

லுவாங் பீ விச்சியன் அவர்களுக்கு,

தலை பாயில் படக் கும்பிட்டு எழுதுகிறேன். உடம்பு நலமா? மலைக்காட்டு மடத்தில் குளிர் அதிகமா? ஒரு வேளைச் சாப்பாடு வயிற்றுக்குப் போதுகிறதா? இங்கே எல்லோரும் நலம். கோழிகள்தான் நலமில்லை, தினமும் சுட்டு விற்றுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இந்த மரியாதை விஷயம். காவி கட்டியவரை லுவாங் பீ, துறவி அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நம் ஊர்க் கோயில் பெரியவர் சொல்லிவிட்டார். என்னைவிட ஒன்பது வயது இளையவன், நான் மூக்குச் சிந்திவிட்டவன், எனக்கு அண்ணனாம். சரி அண்ணா. கும்பிடுகிறேன் அண்ணா. சின்ன வயதில் என் கோழிமுட்டையைத் திருடித் தின்றதை மன்னித்தேன் அண்ணா.

ஊரில் இன்னும் உங்கள் ஓட்டப் பேச்சுதான். சுடுகாட்டுக் கூரைக்குப் பணம் திரட்ட வைத்த அரை மராத்தானில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்த ஒரே ஆள் நீங்கள்! ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் என்று தபால்காரர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறார், பிறகுதான் கடிதத்தைக் கொடுக்கிறார். அன்றைக்கு ஊரே பறந்திருக்கிறது, தெரியுமா? போன வருஷம் ஏரியைச் சுற்றி ஓடினதைவிடத் தபால்காரருக்கு நேரம் ரொம்பக் குறைவு. முழங்காலில் கட்டுப் போட்டு ஓடிய நர்ஸுக்கும் வாழ்நாளிலேயே இதுதான் நல்ல நேரமாம். ஏரிக் கரையைவிட இந்த ஆற்றுச் சாலை ராசியானது என்கிறார்கள். கொட்டிய மழை கால்களைக் குளிரவைத்ததுதான் காரணம் என்கிறார் நர்ஸ். படித்தவர், சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு மணிக்குள் ஓடிவிட்டால் மழைக்கால நோன்பு மூன்று மாதமும் துறவியாக இருக்கிறேன் என்று ஊர்க்காவல் தெய்வத்திடம் வேண்டிக்கொண்டீர்கள். மற்றவர்கள் சிவப்பு சோடா இரண்டு பாட்டில் வைத்து நேர்த்திக்கடனை முடிப்பார்கள். நீங்கள் மொட்டையே போட்டுக்கொண்டீர்கள். அம்மா சாகும்வரை கேட்டு நடக்காதது, ஒரு கடிகாரம் கேட்டு நடந்திருக்கிறது.

சாய்புவா நூடுல்ஸ் கடையைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். “கஷ்டமா இருக்காடி?” என்றேன். “அவரு இருந்தப்ப மட்டும் என்னக்கா? விடியுமுன்ன ஓடப் போவாரு, வந்து காலை நீட்டிப் படுப்பாரு. இப்ப கால் பிடிச்சு விடுற வேலை மிச்சம்” என்று சிரிக்கிறாள். உங்கள் மனைவி நலம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

பாதம் பணியும்,
அக்கா பிரனோம்


மலைக்காட்டு மடம், லோய்
14 ஆகஸ்ட் 2545

யோம் அக்காவுக்கு,

நலம் பெருகட்டும். நான் நலம். நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பாங்காக்கில் டாக்ஸி ஓட்டும் அத்தானின் இடுப்புவலி எப்படி இருக்கிறது? (துறவி தன் அக்காவையும் மற்ற இல்லறத்தாரைப் போல ‘யோம்’ என்றுதான் விளிக்க வேண்டுமாம். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.)

இங்கே காலையில் பிச்சைக்கு வரிசையாகப் போகிறோம். முன்னால் துறவு பூண்டவர் முன்னால் நடப்பார். நான்தான் கடைசி. எனக்கு ஒரு நாள் முன்னதாகக் காவி கட்டியவர் லுவாங் தா போன். தாத்தா வயது, முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், ஆமை நடை. முதல் நாளே அவர் குதிகாலை இரண்டு முறை மிதித்துவிட்டேன். அவர் திரும்பாமலே சொன்னார்: “தம்பி, பின்னாடி நின்னு ஹாரன் அடிக்காத. இது லோடு வண்டி.”

துறவி ஓடக் கூடாது அக்கா. மழை வந்தாலும் நாய் துரத்தினாலும் நடக்கத்தான் வேண்டும். முதல் வாரம் என் கால்கள் கட்டிப்போட்ட மாடுபோல உதைத்துக்கொண்டன. இப்போது பரவாயில்லை. கண்ணை மூடினால் அந்தக் கடைசி வளைவு வருகிறது, மழை, கோயில் கோபுரம், மேசைமேல் கடிகாரம். ஏழு வருஷமாக நான் துரத்திய எண் அது. ஒவ்வொரு முறையும் இரண்டு மணிக்கு மேல் சில நிமிடங்கள், எட்டிப்பிடிக்க முடியாத தூரத்தில் நின்று சிரிக்கும். அன்றைக்கு அது என் பக்கம் வந்து நின்றது. அது கிடைத்த பிறகு மனம் இவ்வளவு அமைதியாகும் என்று நினைக்கவில்லை.

நலம் பெருகட்டும்.
விச்சியன்


நோங் கே
25 ஆகஸ்ட்

டாக்ஸி ராஜா காம்சிங் அவர்களுக்கு,

நலமா? இடுப்புக்குத் தைலம் போடுகிறீர்களா, அல்லது பாட்டில் அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களா? இங்கே மழை. கூரை ஒழுகவில்லை. நீங்கள் இல்லாததால் குறட்டையும் இல்லை. நன்றாகத் தூங்குகிறேன் என்று பொய் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு சங்கதி. யாரிடமும் சொல்ல முடியவில்லை, கட்டிய புருஷனிடம் சொல்கிறேன், வேறு வழியில்லை.

நேற்று மதியம் மில்காரர் வீட்டு இழவுக்குப் போயிருந்தேன். இழவு வீட்டில் வழக்கம்போலச் சீட்டாட்டம் நடந்தது. தோங்தா மாமா மூன்று கிளாஸ் உள்ளே இறக்கிவிட்டு ஓட்டப் பந்தயத்தன்று தான் பட்ட பாட்டைச் சொன்னார். ஓடுகிறவர்கள் திரும்ப வேண்டிய இடத்தில் சிவப்புக் கூம்பு வைக்கும் வேலை அவருடையது, நினைவிருக்கிறதா?

“அன்னிக்கு மழையில பாலத்துப் பலகை சோப்பு மாதிரி வழுக்குச்சு புள்ள. கூம்பத் தூக்கிக்கிட்டு அந்தக் கரைக்குப் போயிருந்தா நானே ஆத்துல மிதந்திருப்பேன். இந்தப் பக்கமே வச்சிட்டு மரத்தடியில உக்காந்துட்டேன்.”

“எங்க வைக்கச் சொன்னாங்க மாமா?”

“அந்தக் கரையில, பள்ளிக்கூட வாசல்ல. ஏன்? திரும்பணும், அவ்ளோதானே? எங்க திரும்புனா என்ன?”

எங்க திரும்புனா என்னவா! என் கையில் இருந்த சீட்டு கீழே விழுந்துவிட்டது. நல்ல சீட்டு வேறு. பாலத்தின் இந்தக் கரையிலிருந்து பள்ளிக்கூடம் நானூறு மீட்டர் இருக்கும். போகவும் நானூறு, வரவும் நானூறு. நான் படித்தது நாலாம் வகுப்பு, அந்தக் கணக்குக்கே இரண்டு மணி தாண்டுகிறது. நர்ஸின் முழங்கால், தபால்காரரின் வேகம், ஊரே பறந்தது, எல்லாம் அப்போதுதான் விளங்கியது. புதுச் சாலை, கூம்பு எங்கே நிற்க வேண்டும் என்று ஓடியவர்களுக்கு யார் சொன்னார்கள்? கூம்பைக் கண்டார்கள், திரும்பினார்கள்.

மாமா இன்று காலையில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். எனக்கு மறக்கவில்லை. விச்சியன் இரண்டு மணிக்குள் ஓடவே இல்லை. இல்லாத கடனுக்கு மொட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சொல்லவா, வேண்டாமா?

பதில் போடுங்கள். ஊருக்கு எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பிரனோம்


பாங்காக்
3 செப்டம்பர்

பிரனோமுக்கு,

நலம். நீ நலம்தானே. தைலம் போடுகிறேன்.

சொல்லாதே. காவி கட்டினவரைப் பேசிக் கீழே இறக்கினால் ஏழு பிறவிக்குச் சுவர்ப்பல்லி. அவன் சந்தோஷமாக இருக்கிறான், ஊர் சந்தோஷமாக இருக்கிறது, சுடுகாட்டுக்குக் கூரை வந்துவிட்டது. நோன்பு முடிந்து அவனே வருவான். அதுவரை வாயைக் கட்டு. உனக்குக் கஷ்டம்தான், தெரியும்.

நோன்பு முடிகிற பௌர்ணமிக்கு வர முடியாது. சுற்றுலாக்காரர்கள் வரும் மாதம், வண்டியை விட்டுவிட்டு வந்தால் முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். கோழி விற்பனை எப்படி?

காம்சிங்


நோங் கே
11 செப்டம்பர்

லுவாங் பீ அவர்களுக்கு,

கும்பிட்டு எழுதுகிறேன். உடம்பு நலமா? லோடு வண்டித் தாத்தா நலமா? அவர் குதிகால் நலமா?

இங்கே நலம். பாலத்துப் பலகைகளை மாற்றுகிறார்கள். பழையது வழுக்குகிறதாம். மழை என்றால் வழுக்கத்தானே செய்யும். பாலத்தைப் பற்றி நான் ஏன் எழுதுகிறேன்? விடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். அந்த எண் கிடைத்ததால்தான் மனம் அமைதியானது என்று எழுதியிருந்தீர்கள். கடிகாரம் அன்றைக்கு வேறு மாதிரி காட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சும்மா கேட்கிறேன். நாளெல்லாம் கடையில் பப்பாளிக்காய் சாலட் இடிக்கிறவளுக்கு மூளைக்கும் ஏதாவது இடிக்க வேண்டும் அல்லவா?

சாய்புவா கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறாள். நீங்கள் வந்து பார்க்க வேண்டுமாம். அவள் அப்படிச் சொல்லவில்லை. பலகையை மூன்று முறை துடைத்தாள், அதை வைத்துச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம் எழுத உட்கார்ந்தேன். கோழி கருகுகிறது, போகிறேன்.

அக்கா பிரனோம்


மலைக்காட்டு மடம்
29 செப்டம்பர்

யோம் அக்காவுக்கு,

நலம் பெருகட்டும். நான் நலம். லுவாங் தாவும் நலம். இப்போது அவர் குதிகாலை மிதிப்பதில்லை. அவர் வேகம்தான் என் வேகம்.

கடிகாரம் வேறு மாதிரி காட்டியிருந்தால் என்று கேட்டீர்கள். இன்னும் ஓடிக்கொண்டிருந்திருப்பேன். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், முழங்கால் விடும் வரை. வேறென்ன? அந்த ஓர் ஆசைதான் எனக்கு இருந்தது. அது தீர்ந்துவிட்டது. உள்ளே தேடிப் பார்க்கிறேன், வேறு ஆசை எதுவும் தட்டுப்படவில்லை.

அதனால் ஒன்று தோன்றுகிறது. நோன்பு முடிந்த பிறகும் இங்கேயே இருந்துவிடலாமா என்று. இந்த மடத்துப் பெரியவரிடம் கேட்டேன். மனைவி மனதார விட்டால் இருக்கலாம் என்றார். சாய்புவாவுக்கு இதை எழுதப் பேனாவை எடுத்தேன், வரவில்லை. நீங்கள் அவளிடம் கேட்டு எழுதுங்கள். கடை அவளுடையதுதான், வீடும் அவளுக்கே இருக்கட்டும்.

நலம் பெருகட்டும்.
விச்சியன்


நோங் கே
7 அக்டோபர்

லுவாங் பீ அவர்களுக்கு,

கும்பிடுகிறேன். நலம் விசாரிக்க இன்று கை வரவில்லை. நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்குத்தான் ஆசையே இல்லையே.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சாய்புவா கடைக்குப் போனேன். படித்துக் காட்டினேன். அவள் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“நல்லா இருக்காராக்கா?”

“நல்லா இருக்கானாம்.”

“அப்ப இருக்கட்டும். நான் பிடிச்சு இழுத்தேன்னு இருக்க வேணாம்.”

“உனக்கு வரணும்னு இல்லையாடி?”

“எனக்கு வேணுங்கிறதுக்கா காவியக் கழட்டுவாங்க? ஆமா, இதக் கேக்க அவருக்கு உங்கள அனுப்பத்தான் தெரிஞ்சுதா? ஏழு வருசம் ஓட்டத்தோட குடும்பம் நடத்துனாரு. இனி சாமியோட நடத்தட்டும். பழகிருச்சு.”

அவ்வளவுதான் பேசினாள். அதற்குள் அவள் நறுக்கிய வெங்காயத்தாள் இரண்டு நாள் கடைக்குப் போதும். இன்னும் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் கத்தியைப் பிடுங்கி வைத்தேன்.

இனிமேல் நான் வாயைக் கட்டப்போவதில்லை. அன்றைக்கு மழையில் தோங்தா மாமா பாலத்தைத் தாண்டப் பயந்து, கூம்பை இந்தக் கரையிலேயே வைத்துவிட்டார். அது நிற்க வேண்டிய இடம் அந்தக் கரையில் பள்ளிக்கூட வாசல். நீங்கள் ஓடியது அரை மராத்தான் இல்லை. எண்ணூறு மீட்டர் குறைச்சல். நீங்கள் மட்டுமல்ல, எல்லோரும். ஆகஸ்டிலேயே எனக்குத் தெரியும். உங்கள் அத்தான் சொல்ல வேண்டாம் என்றார், பல்லியாகப் பிறப்பேனாம். பிறக்கிறேன். உங்கள் மடத்துச் சுவரில்தான் வந்து ஒட்டிக்கொள்வேன், தயாராக இருங்கள்.

காவியைக் கழற்று என்று நான் சொல்லவில்லை. இருப்பதானால் இருங்கள், மூன்று வேளையும் கும்பிடுகிறேன். ஆனால் தீராத ஆசையைத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். அந்தப் பொய்யின் மேல் நீங்கள் உட்கார்ந்திருப்பதையும், இங்கே அவள் நின்றுகொண்டே இருப்பதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

அக்கா


மலைக்காட்டு மடம்
30 அக்டோபர்

அக்காவுக்கு,

நலமா? உங்கள் கடிதம் வந்து நாளாயிற்று. நோன்பும் முடிந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

ஆசையே இல்லாதவன் என்று எழுதினேனே, அந்த மனிதனின் கதையைக் கேளுங்கள். கடிதத்தைப் படித்ததும் தோங்தா மாமாவை ஆற்றில் தள்ள வேண்டும் என்று தோன்றியது. பிறகு உங்களை. பிறகு பாலத்தை. ஒரு வேளைச் சாப்பாடும் இறங்கவில்லை. தியானத்தில் மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் மனதில் மூச்சு நிற்கவில்லை, கூம்பு வந்து நின்றது. மறுநாள் பிச்சைக்குப் போகும்போது லுவாங் தாவின் குதிகாலை மிதித்தேன், ஒரு முறை அல்ல, மூன்று முறை.

“என்னப்பா ஆச்சு?” என்றார். சொன்னேன். வழியில் நின்று, பிச்சைப் பாத்திரம் ஆட ஆடச் சிரித்தார் கிழவர்.

“எண்ணூறு மீட்டருக்கா இவ்ளோ புகை? தம்பி, உன் இஞ்சின் அணையவே இல்ல. நியூட்ரல்ல நின்னுக்கிட்டு இருந்திருக்க!”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துறவி தெருவில் பல் தெரியச் சிரிக்கக் கூடாது. அன்று இரண்டு பேரும் பெரியவரிடம் திட்டு வாங்கினோம்.

ஒன்றை யோசித்துப் பார்த்தேன். இரண்டு மணிக்குள் நான் ஓடவில்லை என்றால், தெய்வத்துக்கு நான் தர வேண்டியது எதுவும் இல்லை. அப்படியானால் இந்த மூன்று மாதம் யாருக்கு? கடனைக் கட்டினால் அதில் புண்ணியம் ஏது? கடனே இல்லாமல் கொடுத்தது அல்லவா புண்ணியம்? மகன் கட்டும் காவியின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போவேன் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பிடி கொடுக்காமல் ஓடினேன். இப்போது பிடித்துக்கொள்ளட்டும். தோங்தா மாமாவின் புண்ணியத்தில்.

ஊரார் துறவிகளுக்குப் புதுக் காவி கொடுக்கும் கத்தின விழா முடிந்ததும் காவியைக் கழற்றுகிறேன். சாய்புவாவிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அவளிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்டேன், அதை நேரில் வந்து அவளிடமே சொல்லித் தீர்க்க வேண்டும். அவள் வீட்டுக்குள் விடுவாளா என்பது தெரியாது. விடாவிட்டால் உங்கள் கோழிக் கூண்டில் இடம் இருக்கிறதா?

கூம்பு விஷயம் ஊருக்குத் தெரிய வேண்டாம். நர்ஸுக்கு அந்த நேரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

விச்சியன்


நோங் கே
8 ஜூலை 2546

என் டாக்ஸி ராஜாவுக்கு,

நலமா? இடுப்பு நலமா? கோழிகளைத் தவிர எல்லோரும் நலம்.

நேற்று இந்த வருஷ ஓட்டம் நடந்தது. ஊரே நொண்டியது! தபால்காரர் போன வருஷத்தைவிட அதிக நேரம், நர்ஸ் அதைவிட அதிகம். மழை பெய்யவில்லை, அதுதான் காரணம் என்கிறார் நர்ஸ். புதுப் பலகை காலைப் பிடித்து இழுக்கிறது என்கிறார் தபால்காரர். என் சுட்ட கோழியில் காரம் அதிகம் என்றுகூட ஒருவன் சொன்னான். அவனுக்கு இனிமேல் கோழிக் கழுத்துதான்.

விச்சியன் இரண்டு மணி ஒரு நிமிடத்தில் வந்தான். போன வருஷத்தைவிட மூன்று நிமிடம் அதிகம் என்று ஊரே அவனுக்காக வருத்தப்பட்டது. “கால் போச்சாப்பா விச்சியா? மடத்துச் சாப்பாடு உடம்பக் கெடுத்திருச்சு!” என்று தோளைத் தட்டினார்கள். அவன் எல்லோருக்கும் தலையாட்டினான். என் கடைக்கு வந்து ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, “அக்கா, நான் ஓடுனதுலயே இதான் நல்ல நேரம்” என்று என் காதில் சொன்னான். பிறகு, “இன்னும் ஒரு நிமிசம்க்கா, அவ்ளோதான்” என்றான். இஞ்சின் அணையவில்லை.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது அவனுக்காக இல்லை. சாய்புவாவுக்காக.

விச்சியன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவனோடு அதிகம் பேசவில்லை என்று எழுதியிருந்தேன். சோறு போட்டாள், பாய் போட்டாள். அவன் தினமும் கடையில் பாத்திரம் கழுவிவிட்டு, பிறகுதான் ஓடப் போனான். குளிர்காலமும் வெயில்காலமும் இப்படியே போயின. நேற்று காலை கடையைச் சாத்திவிட்டு அவள் எங்கோ போய்விட்டாள். அவன் ஓடும் ஒரு பந்தயத்துக்கும் இதுவரை வராதவள், இதற்கும் வரமாட்டாள் என்று நினைத்தேன்.

கடைசி ஆள் வந்து முடித்த பிறகு, வெயில் சுள்ளென்று ஏறிய நேரத்தில், பாலத்துப் பக்கமிருந்து குடையோடு நடந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“எங்கடி போன?”

“பள்ளிக்கூட வாசலுக்கு.”

“அங்க என்ன?”

“கூம்பு. வந்த அன்னிக்கே அவரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு, தோங்தா மாமாவ நம்ப முடியாதுக்கா. விடியுமுன்னயே போய்ப் பக்கத்துல நின்னுக்கிட்டேன். ரெண்டு தடவ தூக்கிட்டு நிழலுக்கு நகரப் பாத்தாரு. கையிலயே ஒண்ணு போட்டேன்.”

விச்சியன் பிறகு சொன்னான். பாலத்தைத் தாண்டி ஓடி வரும்போது தூரத்தில் யாரோ குடை பிடித்து நிற்பதைப் பார்த்தானாம். கிட்டே போன பிறகுதான் தெரிந்ததாம். அவள் கை தட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு கையால் கூம்பைப் பிடித்துக்கொண்டு, “இங்கதான். இதுவரைக்கும் வந்துட்டுத் திரும்புங்க” என்றாளாம்.

புருஷன் எண்ணூறு மீட்டர் அதிகமாக ஓட வேண்டும் என்று வெயிலில் நின்ற பெண்டாட்டியை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? நான் நேற்றுதான் கண்டேன். இரவு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு எப்போது வருவீர்கள் என்று ஆறு வருஷமாக நான் கேட்டதில்லை. கேட்டால் வண்டி போய்விடும், முதலாளி கோபிப்பார் என்பீர்கள், எல்லாம் உண்மைதான். இன்றும் அதைக் கேட்கவில்லை. நீங்கள் திரும்பும் இடம் எது என்று மட்டும் எழுதுங்கள். பஸ் நிலையமோ, பெருஞ்சாலை முக்கோ, எதுவானாலும் சரி. வந்து நிற்கிறேன். என்னிடமும் குடை இருக்கிறது.

பிரனோம்